நின்று நின்று அடித்த நெஞ்சு

செல்லசாமி முதல் தடவை விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மலைத்தண்ணீர் விழும் பீலிக்கரையில். குளித்து முடித்துத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்த மனுசன், பிழிந்த துண்டு கையிலிருக்க அப்படியே மல்லாந்தான். பக்கத்தில் உட்கார்ந்து சட்டிபானை விளக்கிக்கொண்டிருந்த அவன் பெண்சாதி ராக்காயி, வழுக்கிவிட்டதாக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். கிட்டே போய்ப் பார்த்தால் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. கண் மேலே செருகிவிட்டது. கையும் காலும் ஒரு தரம் வெட்டி இழுத்தன. அவள் கத்துவதற்கு வாயைத் திறந்தாள். சத்தம் வருவதற்குள் அவன் முகத்தில் குபுகுபுவென்று ரத்தம் ஏறியது. கண்ணைத் திறந்து, ஒன்றுமே நடக்காதவன் மாதிரி, "ஏன் புள்ள இப்படி முழிக்கிற?" என்று கேட்டான்.

"விழுந்துட்டீங்க."

"யாரு, நானா?"

எழுந்து உட்கார்ந்து தலையைத் தடவிப் பார்த்தான். பின்மண்டை புடைத்திருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தான். பீலியில் வேறு யாரும் இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "யார்கிட்டயும் மூச்சு விடாத. தொரை காதுக்குப் போச்சின்னா லொறியப் புடுங்கிருவாங்க" என்றான்.

ஊசிப்பாறைத் தேயிலைத் தோட்டத்தின் லொறி டிரைவர் அவன். தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிறவர் மகனாக, தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். அட்டன் கடைவீதியில் ஒரு முதலாளியின் லொறியைக் கழுவித் துடைத்து, எடுபிடி வேலை பார்த்துத் தொழில் பழகியவன். அந்தத் தோட்டத்தில் லயத்து ஆள் ஒருவன் ஸ்டியரிங் பிடித்தது அவனோடுதான் ஆரம்பித்தது. தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கொட்டகலை ஸ்டேசனுக்குப் போவான். திரும்பும்போது அரிசியும் மாவும் உரமூட்டையும் வரும். காக்கிச் சட்டையின் மேல் பித்தானைக் கழற்றி விட்டுக்கொண்டு அவன் கீழே இறங்கி நடந்தால், கிளாக்கர் ஐயாகூட "என்ன டிரைவர்?" என்று மரியாதையாகக் கேட்பார். பேரைச் சொல்லிக் கூப்பிடமாட்டார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவன் உயிரை விடுவான் என்பது ராக்காயிக்குத் தெரியும். அதனால் சரியென்று தலையாட்டினாள்.

அது அறுபத்தொன்றாம் வருசம். அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று.

அவள் கொழுந்து பறிக்கும் மேட்டுமலையிலிருந்து பார்த்தால் லொறிப்பாதை முழுவதும் தெரியும், ஒரே ஓர் இடம் தவிர. பாதை டர்பன்டைன் மரங்களுக்குப் பின்னால் போய் மறைந்து, அந்தப் பக்கம் பள்ளத்தின் விளிம்பில் வெளியே வரும். லொறி மரங்களுக்குள் நுழைந்ததும் அவள் கை நின்றுவிடும். விரலில் பிடித்த கொழுந்து பிடித்தபடியே இருக்கும். உறுமல் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். லொறியின் மூக்கு வெளியே தெரிந்த பிறகுதான் மூச்சு வரும். "என்னா ராக்காயி, ரோட்டுலயா கொழுந்து மொளச்சிருக்கு?" என்று கங்காணி சத்தம் போடுவார். அந்தக் கங்காணி வேறு யாருமில்லை, செல்லசாமியின் கூடப்பிறந்த அண்ணன் இராமையாதான். அவரிடமும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் மறைக்கிற காரியமா அது? அடுத்த மாதம் நெற்றி வீங்கி வந்தான். லொறிக் கதவு இடித்துவிட்டது என்றான். ஸ்டேசன் வாசலில் லொறியை நிறுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஸ்டியரிங்கில் போய் மோதியிருக்கிறான் என்பதை அவள் துருவித் துருவிக் கேட்டுத்தான் வாங்கினாள். "நிப்பாட்டி வச்சிருந்தப்பதானே? ஓடுறப்ப வராது" என்றான். ஓடும்போது வராது என்று அவனுக்கு யார் எழுதிக்கொடுத்தார்கள்?

மூன்றாவது தடவை அண்ணன் வீட்டு வாசலிலேயே விழுந்தான். இராமையா நடுங்கிப்போனார். டர்பன்டைன் மரத்தடியில் வண்டியை நிறுத்தி ஒன்றுக்குப் போயிருப்பான், முனி அடித்துவிட்டது என்று தீர்மானம் செய்தார். கீழ்ப்பிரிவிலிருந்து ஒரு பூசாரியைக் கூட்டிவந்தார். உச்சிப்பொழுதில் செல்லசாமியை உட்கார வைத்து உடுக்கை அடித்தார்கள். வேப்பங்குழையால் அடித்தார்கள், பிறகு பிரம்பால் அடித்தார்கள். அடியின் நடுவிலேயே அவன் வெளுத்துச் சரிந்தான். "போறேன்னு சொல்லு! போறேன்னு சொல்லு!" என்று பூசாரி விளாசினார். ராக்காயி குறுக்கே விழுந்து முதுகில் இரண்டு அடி வாங்கினாள். அவன் முகம் சிவந்து எழுந்ததும், முனி இறங்கிவிட்டது என்றார் பூசாரி. இராமையா கற்பூரம் கொளுத்தினார். ராக்காயிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. பீலிக்கரையில் எந்தப் பூசாரியும் இல்லாமலேயே இப்படித்தான் எழுந்தான்.

மறு வருசம், தோட்டத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அட்டனுக்கு விளையாட்டுப் போட்டிக்குக் கூட்டிப்போக ஏற்பாடாயிற்று. லொறியில்தான் போகவேண்டும். விடிந்ததும் பிள்ளைகள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, லொறியின் பின்பக்கம் கம்பியைப் பிடித்தபடி நெருக்கி நின்று பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ராக்காயியின் மகள் பூரணியும் ஒருத்தி. பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ராக்காயி அந்தப் பாட்டைக் கேட்டு நின்றாள். முந்தின நாள்தான் அவன் அடுப்படியில் ஒரு கணம் கண்ணைச் செருகிச் சுவரைப் பிடித்திருந்தான். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தாள். நேரே போய் லொறிக்கு முன்னால் நின்றாள்.

செல்லசாமி ஹாரனை அடித்தான். அவள் நகரவில்லை.

"ஏய், ஒத்து!"

"புள்ளைங்கள எறக்குங்க."

"பைத்தியமா புடிச்சிருக்கு ஒனக்கு? ஒத்துன்னா ஒத்து!"

"ஏத்திட்டுப் போங்க. மொதல்ல எம்மேல ஏத்திட்டுப் போங்க."

பிள்ளைகளின் பாட்டு நின்றுவிட்டது. வாத்தியார் இறங்கி வந்தார். பிள்ளைகளோடு கூடப் போவதற்காக மருந்துப் பெட்டியோடு நின்ற டிஸ்பென்சர் அமிர்தநாதனும் வந்தார். ராக்காயி அவர் பக்கம் திரும்பினாள். சொல்லிவிட்டாள்.

"ஐயா, இவரு அடிக்கடி நெனப்பில்லாம விழுறாருங்க. மறைச்சு வச்சது நாந்தாங்க. இன்னைக்கு என்னால முடியல."

செல்லசாமியின் முகத்தில் ஈயாடவில்லை. அத்தனை பேர் முன்னால் அவன் லொறியிலிருந்து இறங்கினான். அமிர்தநாதன் அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தப்பாக எண்ணிவிட்டேனோ என்கிற மாதிரி மறுபடியும் பிடித்தார். பிறகு கழுத்தில் கைவைத்துப் பார்த்தார்.

"நாடி முப்பதத் தாண்டல" என்றார். "நல்ல ஆளுக்கு இதுல ரெண்டு மடங்கு ஓடணும் ராக்காயி. இது எனக்கு வெளங்காத சங்கதி. கண்டிக்குத்தான் போகணும்."

வாத்தியார் பிள்ளைகளை நடத்திக்கொண்டு பஸ் ரோட்டுக்குப் போனார். செல்லசாமி லொறிச் சாவியை டிஸ்பென்சர் கையில் வைத்துவிட்டு, பெண்சாதியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தான்.

கொட்டகலையில் ரயில் ஏறியதும் அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டான். கொஞ்ச தூரத்தில் சிங்கமலைச் சுரங்கம் வந்தது. பெட்டிக்குள் இருட்டும் கரிப்புகையும் அடைத்துக்கொண்டன. ராக்காயி கையை நீட்டி அவன் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தாள். அவன் உதறவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. நினைவோடு இருந்தால் உதறியிருப்பானே. விரலை அழுத்திக்கொண்டு காத்திருந்தாள். ஒரு துடிப்பு. பிறகு ஒன்றுமில்லை. ரயில் சக்கரம் தடதடவென்று எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு துடிப்பு. பிறகு மறுபடியும் ஒன்றுமில்லை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் அவள் செத்துப் பிழைத்தாள். வெளிச்சம் வந்ததும் பார்த்தால், அவன் கண் திறந்திருந்தது. கன்னம் நனைந்திருந்தது. கையை இழுத்துக்கொண்டான்.

கண்டிப் பெரியாஸ்பத்திரியில் அவனைப் படுக்கவைத்தார்கள். நெஞ்சிலும் கையிலும் காலிலும் கம்பிகளை மாட்டி, இதயத் துடிப்பைக் கோடாக வரையும் பெட்டியில் இணைத்தார்கள். அதிலிருந்து காகிதம் நாடா மாதிரி வெளியே வந்தது. வார்ட்டைப் பார்த்த பெரிய டொக்டர் முத்துலிங்கம் யாழ்ப்பாணத்து ஆள். ஒல்லியான, கடுகடுத்த மனுசன். அவர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே செல்லசாமி, "தலை சுத்து…" என்றான். அவ்வளவுதான். முகம் வெளுத்தது. கண் செருகியது.

டொக்டர் காகிதத்தைப் போட்டுவிட்டுக் கைமுட்டியை மடக்கி அவன் நெஞ்சில் ஓங்கி ஒரு குத்து விட்டார்.

கட்டிலின் கால்மாட்டில் நின்ற ராக்காயிக்கு வந்ததே ஆத்திரம். பாய்ந்து அவர் கையைப் பிடித்துத் தொங்கினாள். "அடப்பாவி! செத்தவரப் போட்டு அடிக்கிறியே! ஒனக்குக் கை வெளங்குமா?"

"கையை விடுங்கோ! விடுங்கோ எண்டு சொல்லுறன்!"

அவளை உதறிவிட்டு இன்னொரு குத்து விட்டார். செல்லசாமியின் தொண்டையில் ஒரு கரகரப்புக் கேட்டது. முகத்தில் ரத்தம் ஏறியது. கண்ணைத் திறந்தான். ராக்காயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டொக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. மூச்சு வாங்கியபடி அந்தக் காகிதத்தை எடுத்து அவளுக்குக் காட்டினார். கோடு ஓரிடத்தில் மேடுபள்ளமே இல்லாமல் போய், பிறகு திடீரென்று எம்பியிருந்தது.

"இதில நிண்டுபோச்சு. இதில தட்டி எழுப்பினனான்" என்றார். "கேளுங்கோ அம்மா. இதயத்தில மேல் அறை, கீழ் அறை எண்டு இருக்கு. மேல் அறை 'அடி' எண்டு சொல்ல, கீழ் அறை அடிக்கும். அந்தச் சொல்லைக் கொண்டுபோற வழி உங்கட மனுசனுக்கு அடைபட்டுப்போச்சு. அதால கீழ் அறை தன்ர பாட்டில மெதுவா அடிக்குது. சில நேரம் அதுவும் நிண்டுபோகும். அப்பதான் இவர் விழுறார். வலிப்புமில்லை, பேயுமில்லை."

"எதனால வந்துச்சுங்க ஐயா?"

"அது எனக்குத் தெரியாது. சில பேருக்கு வருகுது."

"கொணமாயிருமுங்களா?"

அவர் காகிதத்தை மடித்துவைத்தார். "வெளிநாட்டில நெஞ்சுக்குள்ள பற்றரி வைச்சுத் துடிக்கப் பண்ணத் தொடங்கியிருக்கினம். இஞ்ச அது இன்னும் வரேல்லை. ஒரு குளிசை தாறன். நாக்குக்கு அடியில வைச்சால் கீழ் அறை கொஞ்சம் வேகமா அடிக்கும். நாளுக்குப் பல தரம் வைக்க வேணும். இனிச் சாகும்வரைக்கும் வாகனம் ஓடக்கூடாது. எத்தனை வருசம் இருப்பார் எண்டு கேட்காதேங்கோ. பத்து வருசமும் இருக்கலாம், நாளைக்கும் போகலாம்."

கட்டிலில் கிடந்த செல்லசாமி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாள்வரை ராக்காயி ஆஸ்பத்திரி விறாந்தையில் கிடந்தாள். டொக்டர் அவளைக் கூப்பிட்டு, ஒரு தலையணையை மேசைமேல் போட்டு, குத்தப் பழக்கினார். நெஞ்செலும்பின் கீழ்ப்பாதி, கொஞ்சம் இடதுபக்கமாக. கழுத்தில் துடிப்பு இல்லை என்று தெரிந்த பிறகுதான். நினைவோடு இருக்கிறவனைத் தொடவே கூடாது. அவளுக்குக் கை ஓங்கவில்லை. கட்டிய புருசனை நினைத்துக்கொண்டு குத்து என்றால் எப்படிக் கை வரும்?

"ரொட்டிக்கு மாத் தட்டுறமாதிரித் தட்டினால் நெஞ்சு எழும்பாது" என்று டொக்டர் அதட்டினார். "மனுசன் வேணுமோ வேண்டாமோ?"

ராக்காயி பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கிக் குத்தினாள். மேசைமேல் இருந்த கண்ணாடிக் குவளை உருண்டு உடைந்தது. டொக்டர் குனிந்து கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "ஓம், இந்தப் பலம் காணும்" என்றார்.

தோட்டத்துக்குத் திரும்பிய பிறகு செல்லசாமிக்குத் தேயிலை ஸ்டோர் கேட்டில் காவல் வேலை கொடுத்தார்கள். புது டிரைவர் அழகுமுத்து. செல்லசாமி முன்பெல்லாம் "கியர் போடத் தெரியாதவன்" என்று கேலி பண்ணிய பொடியன்தான். அவன் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் செல்லசாமி எழுந்து போய்க் கேட்டைத் திறந்துவிட வேண்டும். லொறி உள்ளே போகும்போது அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். இப்போது கிளாக்கர் ஐயா அவனைச் "செல்லசாமி" என்றே கூப்பிட்டார்.

வீட்டில் "சோறு போடு" என்பதற்கு மேல் பேச்சில்லை. மாத்திரையை மட்டும் வேளாவேளைக்கு வாங்கி நாக்குக்கடியில் வைத்துக்கொள்வான். வைத்ததும் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். ஒரு தரம் தட்டைத் தள்ளிவிட்டு, "உசுரோட இருக்கேன்னு நெனைக்கிறியா? அன்னைக்கே லொறிக்கு முன்னால வச்சு என்னையக் கொன்னுட்ட நீ" என்றான். ராக்காயி சிந்திய சோற்றை அள்ளினாள்.

அவளுடைய பெரிய கவலை வேறு. பகலெல்லாம் அவள் மலையில் நிற்கும்போது அவன் விழுந்தால் என்ன செய்வது? யாராவது ஒருத்தருக்காவது அந்தக் குத்தைப் பழக்கிவிட வேண்டும். இராமையாவிடம் போய்க் கேட்டாள்.

"அத்தான், டொக்டரு காட்டிக் குடுத்ததுங்க. நீங்களும் பழகி வச்சிக்கிட்டீங்கன்னா…"

இராமையா துள்ளி எழுந்தார். "கூடப் பொறந்தவன் நெஞ்சுல நான் குத்தணுமா? லொறியிலேர்ந்து எறக்கின. இப்பக் குத்தப் பழகிட்டு வந்திருக்க. அடுத்தாப்புல என்னா, குழி தோண்டுறதா? வாயக் கழுவிட்டுப் போ."

லயத்துப் பெண்களும் அவள் முதுகுக்குப் பின்னால் ஏதேதோ பேசினார்கள். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா ஒருத்திதான், "எனக்குக் காட்டு ராக்காயி, நான் பாத்துக்கிறேன்" என்று முன்வந்தாள். ஆனால் தலையணையில் இரண்டு குத்துக் குத்திவிட்டு, கை நடுங்குகிறது என்று அழுதுவிட்டாள்.

ராக்காயி பயந்துகொண்டே இருந்த நாள் ஒரு பகல் வேளையில் வந்தது. கொழுந்து நிறுக்கும் மடுவம் ஸ்டோருக்குப் பக்கத்தில்தான். பெண்கள் கூடைகளோடு வரிசையில் நின்றார்கள். இராமையா தராசருகே நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். செல்லசாமி தேத்தண்ணி குடிப்பதற்காகக் கேட்டைச் சாத்திவிட்டு அந்தப் பக்கம் வந்தான். தராசைத் தாண்டி இரண்டடி நடந்தவன் அப்படியே முகங்குப்புற விழுந்தான்.

பெண்கள் அலறினார்கள். ராக்காயி கூடையைக் கொட்டிவிட்டு ஓடினாள். புரட்டிப் போட்டுக் கழுத்தில் விரலை வைத்தாள். ஒன்றுமில்லை. காத்திருந்தாள். ஒன்றுமேயில்லை. முகம் வெள்ளையிலிருந்து நீலத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. சட்டையைக் கிழித்தாள். முட்டியை மடக்கி ஓங்கிக் குத்தினாள்.

"ஐயோ, புருசன அடிக்கிறாளே!" என்று யாரோ கத்தினார்கள்.

இரண்டாவது குத்துக்குக் கை ஓங்கியபோது இராமையா அந்தக் கையைப் பிடித்து முறுக்கினார். "பொணத்தையுமா விடமாட்ட? எந்திரிடி!"

அவ்வளவு காலமும் நிமிர்ந்து பார்த்துப் பேசாத புருசனின் அண்ணனை ராக்காயி மணிக்கட்டில் கடித்தாள். அவர் கையை விட்டார். அவள் குத்தினாள். இன்னொன்று. செல்லசாமியின் தொண்டை கரகரத்தது. நெஞ்சு எம்பியது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த நீல முகத்தில் ரத்தம் ஏறிற்று.

கூட்டம் இரண்டடி பின்னால் நகர்ந்தது.

"என்னா… புள்ள…" என்றான் அவன். மடியிலிருந்த மாத்திரையை எடுத்து அவன் நாக்குக்கடியில் திணித்தாள். அடுத்த கணமே கண் மறுபடி செருகியது. மறுபடி குத்தினாள். மறுபடி வந்தான். மறுபடி போனான். அன்று அந்த நெஞ்சு நின்று நின்று விளையாடியது. ஒரு குத்துக்கு ஒரு துடிப்பு என்று ஆகிவிட்டது. குத்தினால் அடிக்கிறது, விட்டால் நிற்கிறது. இப்படியும் உண்டு, அப்படியானால் விடாமல் குத்துங்கோ என்று டொக்டர் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. மூச்சு முட்ட முட்டக் குத்திக்கொண்டிருந்தாள். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. விரல்கள் மரத்துவிட்டன. குத்து மெதுவாகிக்கொண்டு வருவது அவளுக்கே தெரிந்தது. தெரிந்தும் கை எழவில்லை.

எதிரில் யாரோ மண்டியிட்டார்கள். நிமிர்ந்து பார்த்தாள். இராமையா. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது.

"எடத்தக் காட்டு தாயி" என்றார்.

அவர் முட்டியைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். "இங்க. இன்னும் பலமா அத்தான். இன்னும்."

அமிர்தநாதன் ஊசிப்பெட்டியோடு ஓடி வந்து ஓர் ஊசி போட்டார். அழகுமுத்து லொறியைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தினான். கொழுந்துச் சாக்குகளை விரித்துச் செல்லசாமியை ஏற்றினார்கள். டிக்கோயா ஆஸ்பத்திரிவரைக்கும், ஒருத்தர் கை சோர்ந்தால் ஒருத்தராக ராக்காயியும் இராமையாவும் மாறி மாறிக் குத்திக்கொண்டே போனார்கள். அந்த ரோட்டில் எத்தனை முடக்கு! ஒவ்வொன்றிலும் லொறி சாயும். குத்து இடம் தவறிவிடுமோ என்று ராக்காயி ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அவன் நெஞ்சைக் காத்தாள். பாதி வழியில் ஊசி வேலை செய்ய ஆரம்பித்தது. நெஞ்சு தானாக, மெதுவாக, அடித்தது. கூட வந்த டிஸ்பென்சர் கையைக் காட்டிக் குத்தை நிறுத்தச் சொன்னார். எல்லோரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். முன்னால் ஏற்றத்தில் கியர் கறமுறவென்று கத்தியது.

செல்லசாமி கண்ணைத் திறக்காமலேயே, "ரெண்டுல போடுடா மூதேவி" என்றான்.

இராமையா சிரிக்கவா அழவா என்று தெரியாமல் தலையில் கைவைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்தான். விலா எலும்பு இரண்டு விரிசல் விட்டிருந்தது. நெஞ்சு முழுக்கக் கன்றிக் கறுத்திருந்தது. ராக்காயியின் வலது கை வீங்கி, கட்டுப் போட்டிருந்தது. ஒரு சாயங்காலம் அவன் அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீதான் அடிச்சியாமே?"

"ஆமாங்க."

"அண்ணனயும் கடிச்சியாமே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் விலா வலித்தது. விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு சிரிப்பு அடங்கிக் கூரையைப் பார்த்தான்.

"அன்னைக்கு லொறியில பூரணி நின்னுச்சி, இல்ல?" என்றான்.

"நின்னுச்சிங்க."

"ம்."

கட்டுப் போட்ட அந்தக் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான்.

அதற்குப் பிறகும் சில வருசம் இருந்தான். மாத்திரையைக் கூட்டினார்கள், குறைத்தார்கள், கண்டிக்கு அடிக்கடி போய்வந்தார்கள். நடுவில் மூன்று தடவை விழுந்தான். இரண்டு தடவை ராக்காயி எழுப்பினாள், ஒரு தடவை பேச்சியம்மா. தலையணையில் கை நடுங்கிய பேச்சியம்மா, ஆளைக் கண்டபோது நடுங்கவில்லை. செல்லசாமி ஸ்டோர் கேட்டில் உட்கார்ந்தபடியே அழகுமுத்துவின் வண்டிச் சத்தத்தைக் கேட்டு, எந்தப் பக்கத்து பிரேக் தேய்ந்திருக்கிறது என்று சொல்லுவான். பூரணி பெரிய மனுசியானதைக் கண்டான். இராமையா வேலைப் பிரிவை மாற்றிக் கேட்டு, ஸ்டோரைச் சுற்றியிருந்த மலையிலேயே ராக்காயிக்கு வேலை போட்டுக் கொடுத்தார். தானும் பகலில் இரண்டு முறையாவது ஸ்டோர் கேட் பக்கம் வந்து, ஒன்றுமில்லாத பேச்சைப் பேசிவிட்டுப் போவார்.

அறுபத்தைந்தாம் வருசம் ஐப்பசி மழையில் ஒருநாள், பாதை அரித்துப்போய், பெண்களைத் தூரத்து மலைக்கு அனுப்பியிருந்தார்கள். ராக்காயியைத் தேடி ஆள் வந்தபோது அவள் ஒன்றும் கேட்கவில்லை. படங்குச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்க்காமல் அந்த மழையில் இறங்கி ஓடினாள்.

ஸ்டோர் கேட்டை ஒட்டிய காவல் காம்பராவில் செல்லசாமி படுத்திருந்தான். சட்டை கிழிந்து கிடந்தது. பக்கத்தில் இராமையா மண்டியிட்டபடியே இருந்தார். அவருடைய வலது கை முட்டி தோலுரிந்து ரத்தம் கசிந்தது. எவ்வளவு நேரம் குத்தினாரோ. அமிர்தநாதன் அவர் தோளைப் பிடித்து நிறுத்தியிருந்தார்.

ராக்காயி போய்ப் புருசனின் கழுத்தில் விரலை வைத்தாள். வைத்தபடியே வெகுநேரம் இருந்தாள். பிறகு கிழிந்த சட்டையை இழுத்து மூடினாள்.

"நீ காட்டின எடத்துலதான் தாயி அடிச்சேன்" என்றார் இராமையா. "எடம் தப்பிருச்சோ? எங்கையாலயே என் தம்பிய விட்டுட்டனோ?"

அவள் அவருடைய சட்டை வேர்வையில் நனைந்திருப்பதைப் பார்த்தாள், உரிந்த முட்டியைப் பார்த்தாள்.

"எடம் தப்பல அத்தான்" என்றாள். "டொக்டரு அன்னைக்கே சொன்னாரு. நெஞ்சுக்கு எந்திரிக்கத் தெம்பு இருக்குற வரைக்கும்தான் நம்ம கையி செல்லும்."

அழுகை அப்போதுதான் வந்தது அவளுக்கு. வெளியே மழைச் சத்தத்தில் லொறி வந்து நின்றது. அழகுமுத்து பூரணியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்திருந்தான். ராக்காயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகளைப் பிடித்துக்கொள்ள எழுந்து வாசலுக்குப் போனாள்.